நான்கெல்லை

இரணியல் பத்திர ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் ஒரு பாதியில்
பத்தொன்பது வருஷமாய் ஆதாரம் எழுதுகிறேன்.
கிழக்கே தங்கையன் வகை விளை,
மேற்கே ஓடை,
வடக்கே பொதுக்கிணறு,
தெற்கே மூன்றடி நடைபாதை.
இதற்கு உட்பட்ட என்று எழுதியதும்
ஒரு துண்டு பூமி அசையாமல் நின்றுவிடும்.

ராத்திரியில் கவிதை.
மூன்று புத்தகம் வந்தது,
மூன்றிலும் இதே கை.

மூன்றாவதில் நாற்பத்தோராம் பக்கத்தில்
என் அக்கா இருக்கிறாள்.
பெயரை மாற்றினேன். சேலை நிறத்தை மாற்றினேன்.
குளச்சலை முட்டமாக்கினேன்.
அந்த மூன்று நாளும் அவள் செய்த ஒரு காரியத்தை மட்டும்
மாற்ற மனம் வரவில்லை.
கவிதையே அதுதான்.
(அது என்னவென்று இங்கே எழுதப் போவதில்லை.)
நாகர்கோவில் கூட்டத்தில் வாசித்தபோது
கண்ணைத் துடைத்தார்கள், முன்வரிசையில் இரண்டு பேர்.
அக்கா துடைக்கவில்லை.

"எனக்க சங்கடத்தையும் பதிஞ்சிட்டேல்லா பிள்ளே.
எல்லையெல்லாம் செரியாத்தான் போட்டிருக்கே."

பிறகு அவள் வரவில்லை.
எனக்கும் வரவில்லை.
மழை என்று எழுதினால் அது
யாரோ ஒருத்தியின் ஓட்டில் பெய்தது.
கதவு என்று எழுதினால்
அதற்குக் கதவிலக்கம் இருந்தது.

கேட்டுக்கு அடிக்கப் பெயிண்ட் வாங்கத்தான்
குளச்சலுக்குப் போனேன்.
பீர்க்கண்ணு கடையில் வள்ளத்துக்கு அடித்து
மிச்சம் வந்த டப்பாக்கள், பாதி விலைக்கு.
"வள்ளத்துக்கா, வீட்டுக்கா?"
ரெண்டுக்கும் இல்லை என்று
என் வாய்தான் சொன்னது.
வறுவேலின் பட்டறையில்
வெட்டிப்போட்ட பிளைவுட் பலகை ஒன்று கிடைத்தது,
பின்பக்கம் அவன் பென்சில் கணக்கோடு.

முதலில் ஒரு தென்னை வந்தது.
துடைத்தேன்.
கடல் வந்தது. நீல டப்பாவை மூடி
கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.
மஞ்சளை வைத்தால் உடனே அது ஒரு ஜன்னல்,
ஜன்னலுக்குள் ஒருத்தி.
போ, போ என்று
துணியால் அவளைக் கலைத்தேன்.
பெயர் இல்லாத ஒன்று வர
நாலு மாசம் ஆயிற்று.

மணவாளக்குறிச்சிக் கரையில்
மகனின் பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை
மணலில் உருட்டினால்
கறுப்பு மட்டும் மயிர்மயிராய் ஒட்டிக்கொள்ளும்.
அதைக் காகிதத்தில் மடித்து வந்து
ஈரப் பெயிண்டில் தூவினேன்.
கையில் நரநரத்தது.
சொல் ஒருபோதும்
என் நகத்துக்குள் போனதில்லை.

"சவம், வாழைக்கு மருந்தடிச்ச தகரம் மாதிரி இருக்கு"
என்றார் வீட்டுக்காரர்.
ஆனாலும் ஆணி அடித்துத் தந்தார்.

போன மாசம் ஒரு மத்தியானம்
மகன் கல்யாணக் கார்டோடு
அக்கா வாசலில் நின்றாள்.
உள்ளே வந்தாள். உட்காரவில்லை.
பலகையையே பார்த்தாள்,
நான் டீ போட்டு எடுத்துவரும் வரை.

"இதில ஆரு?"
"ஆருமில்லை."
"எனக்க காரியம் வல்லதும் உண்டா?"
எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றேன்.
பொய் இல்லாமல் அவளிடம்
ஆறு வருஷத்தில் சொன்ன முதல் வார்த்தை.

டம்ளரைக் கீழே வைத்தாள்.
முந்தானையில் கை துடைத்து
பலகையை ஆணியிலிருந்து எடுத்தாள்,
வலப்பக்கமாய்க் கால்வாசி திருப்பினாள்,
சுவரோடு சேர்த்துப் பிடித்தாள்.
கிழக்கு தெற்காயிற்று.
கறுப்பு மணல் கொஞ்சம் உதிர்ந்து
கல்யாணக் கார்டின்மேல் விழுந்தது.

"இப்பிடி வை" என்றாள்.

சுத்தியல் எங்கே என்று தேடப் போனேன்.
அதுவரை அவள் பிடித்துக்கொண்டு நின்றாள்.